வெள்ளிக்கிழமை மீன்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டு முழுவதும் மீன் பொரிக்கும் மணம் நிறைந்திருந்த அந்த மத்தியானம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டுப் படியேறி வந்தவள், மணம் கீழ் வீட்டிலிருந்து வருகிறதென்றுதான் நினைத்தேன். ஏனென்றால் அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையில் மீன் அடுப்பேறியதாகச் சரித்திரமே கிடையாது. கதவைத் திறந்தால், பூப்போட்ட ஹவுஸ்கோட்டும் நெற்றியில் வியர்வையுமாகச் சித்தி நிற்கிறார். மேசையில் பாரை மீன் துண்டுகள் மொறுமொறுவென்று பொரிந்து கிடக்கின்றன, பக்கத்தில் வெட்டிய தேசிக்காய். "வாங்க மகள், இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே. அதுதான் இறைச்சி ஒண்டும் வைக்கல்ல, மீன் மட்டும்தான்" என்றார். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம் அது. எனக்குச் சிரிப்பதா, அப்பாவுக்குத் தொலைபேசி எடுப்பதா என்று தெரியவில்லை. பசி இருந்ததால் இரண்டையும் செய்யாமல் கை கழுவப் போனேன்.

சித்தி என்று நாங்கள் கூப்பிட்டது அப்பாவின் இரண்டாவது மனைவியை. அம்மா நோயில் இறந்தபோது தம்பி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தான். அதற்குச் சில வருடங்கள் கழித்து, கோட்டையில் அப்பா வேலை செய்த அலுவலகத்திலேயே தட்டச்சு வேலையில் இருந்தவரை அப்பா மணமுடித்தார். சித்தி கொட்டாஞ்சேனைக்காரி, கத்தோலிக்கர். அவருடைய தகப்பனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், தமையனார் பேலியகொடைச் சந்தையில் மீன் எடுத்து விற்பவர். அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்கள், மீன் சாப்பிடுவார்கள். அப்பாவும் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சிப் பார்சல் வாங்காததைப் பார்த்துவிட்டு, இந்துக்களும் தங்களைப் போலத்தான் என்று சித்தி எண்ணிக்கொண்டார். திருத்திச் சொல்லியிருக்க வேண்டியவர் அப்பா. ஆனால் அப்பா எந்தச் சிக்கலையும் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டே கடந்துவிடலாம் என்று நம்புகிறவர். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மீனும் இல்லை, முட்டையும் இல்லை என்ற ஒரு வசனத்தைச் சொல்லாமலேயே அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சித்தி வந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமைதான் அது.

அன்றைக்கு மிகவும் சந்தோஷப்பட்டவன் தம்பி. அவனுக்கு அப்போது நேசரிப் பள்ளிக்குப் போகிற வயது. பொரித்த மீனும் சோறும் தவிர உலகத்தில் வேறு சாப்பாடு இருப்பதாக அவன் ஒத்துக்கொண்டதே இல்லை. மரக்கறி என்று எதையாவது வாயில் வைத்தால், நாக்கின் நுனியால் அதைத் தேடிப்பிடித்து, உதட்டுக்குக் கொண்டுவந்து, தட்டின் விளிம்பில் ஒட்டிவிடுவான். வெள்ளிக்கிழமைகளில் வெறும் சோற்றில் தயிரும் சீனியும் போட்டுப் பிசைந்து இரண்டு வாய் தின்பான். அவ்வளவுதான். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக, காலெல்லாம் குச்சியாக இருந்தான். கிளினிக்கில் டொக்டர் அவனுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் குறைவு, நிறையும் ஏறவில்லை, கீரை, மரக்கறி கொடுக்கப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். சொல்வது யாருக்கும் சுலபம்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மாவின் தொலைபேசி வந்தது. பெரியம்மா அம்மாவின் தமக்கை, ஆசிரியை, பிள்ளைகள் இல்லாதவர். அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்திலேயே இருந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவர். தம்பி ரிசீவரைப் பறித்து, "பெரியம்மா, இண்டைக்குச் சித்தி மீன் பொரிச்சவ!" என்று கூவினான். பெரியம்மா உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னார். பெரியம்மாவின் குரல் வகுப்பறைக் குரல், ரிசீவரைத் தாண்டி எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "வெள்ளிக்கிழமையில மீன் பொரிக்கிற வீடாப் போச்சோ அது? நான் ஆவணி லீவுக்கு வாறன். பிள்ளை உப்பிடியே காஞ்சுபோய் இருந்தால் என்னோட கூட்டிக்கொண்டு போயிடுவன், சொல்லிப்போட்டன்." அப்பா "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றார். சித்தி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா சொன்னால் செய்கிறவர் என்பது எனக்குத் தெரியும். தம்பி இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் சித்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்க வெள்ளிக்கிழமையில என்ன என்ன சாப்பிடலாம்?" என்பது. இரண்டாவது கேள்வி, "தம்பிக்கு மீன்ல என்ன பிடிக்கும்? ருசியா, மொறுமொறுப்பா, இல்லாட்டி முள்ளை எடுக்கிற விளையாட்டா?" நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. யாருமே யோசித்ததில்லை. ஒரு பிள்ளை மரக்கறியை வெறுக்கிறது என்றால் அதட்டுவோம், கெஞ்சுவோம், காகத்தைக் காட்டுவோம், ரீவியைப் போடுவோம். அந்தப் பிள்ளைக்கு விருப்பமான சாப்பாட்டில் எது அவனை இழுக்கிறது என்று கேட்ட முதல் ஆள் சித்திதான். தம்பிக்கு வாய் வாயாகச் சோறு தீத்தும்போது அவர் எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கரகரவென்று கடிபட்டால் அவன் கண் விரிவதையும், குழைந்து கிடக்கும் கறியைக் கண்டால் தோள் சுருங்குவதையும் சித்தி கண்டுபிடித்துவிட்டார். குழைந்த பூசணிக்காயும் வெந்த புடலங்காயும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொஞ்ச காலத்துக்குத் தலைமறைவாகின.

அப்போது தொடங்கியது எங்கள் குசினியின் பொற்காலம். காலி வீதிக்கு அந்தப் பக்கம் உள்ள மரக்கறிச் சந்தையில், கடைக்காரரை அண்ணன் என்ற பொருளில் "அய்யே" என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் சிரித்துப் பேசி, இளசாகப் பார்த்து எடுத்து வருவார். பீற்றூட்டைத் துருவிப் பிழிந்த சாற்றில் மாக்குழைத்து ரோசா நிறத்தில் பிட்டு அவிப்பார். முருங்கையிலையை அரிந்து ரொட்டி மாவில் போடுவார். கொட்டாஞ்சேனையில் நத்தார்ப் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் செய்கிற ரோல்ஸை, மீனுக்குப் பதிலாக லீக்ஸும் கரட்டும் முட்டைக்கோவாவும் வைத்துச் சுருட்டி, றஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தார். வாழைப்பொத்தியை, அதுதான் வாழைப்பூவை, அரிந்து, உப்பு மஞ்சள் தண்ணீரில் போட்டு, மிளகும் வெங்காயமும் சேர்த்து உருட்டினால் கட்லட்டுக்குள் மீனா பொத்தியா என்று பெரியவர்களுக்கே தெரியாது. பாகற்காயை மெல்லிய வட்டமாகச் சீவிக் கருகாமல் பொரித்து, வெங்காயமும் தேசிக்காயும் விட்டுச் சம்பலாக்கினார். என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் வகுப்பில் பாதிப் பேர் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். நான் மரக்கறி வெறுத்த பிள்ளை இல்லை, ஆனாலும் தம்பியின் புண்ணியத்தில் நன்றாகக் கொழுத்தேன்.

எல்லாம் பலித்தது என்று சொன்னால் பொய். கீரையை அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த நாளில் தம்பி அதை அப்படியே சித்தியின் ஹவுஸ்கோட்டில் திருப்பிக் கொடுத்தான். இன்னொரு நாள் சொதிக்குள் பீற்றூட் சாறு விட்டார். அப்பா பத்திரிகையைக் கீழே இறக்கி, கிண்ணத்தைப் பார்த்து, மறுபடி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டார். அந்தச் சொதியை நாங்கள் யாரும் தொடவில்லை. சித்தி மட்டும் பிடிவாதமாக ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "சரி, இது எனக்கே ஏலாது" என்று மிச்சத்தைச் சிங்கில் ஊற்றினார். அவருக்குக் கோபமே வராது என்றில்லை, வரும். அகப்பையைச் சட்டியில் டங்கென்று அடிப்பார், அவ்வளவுதான். பிள்ளையின் மேல் அந்தக் கோபம் ஒரு நாளும் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

சித்தியிடம் ஒரு சட்டம் இருந்தது. அதற்காகத்தான் இன்றைக்கும் அவரை நான் மெச்சுகிறேன். தம்பியை ஏமாற்றித் தின்ன வைக்க மாட்டார். அவன் கட்லட்டைத் தின்று விரலை நக்கிக்கொண்டிருக்கும்போதே, "மகன், இப்ப சாப்பிட்டது என்னா தெரியுமா? வாழைப்பொத்தி" என்று சொல்லிவிடுவார். எனக்குப் பக்கென்றிருக்கும். ஏன் சொல்கிறீர்கள், நாளைக்குத் தொடமாட்டானே என்று கேட்டேன். "ஒளிச்சுக் குடுத்தா ஒரு நாளைக்குக் கண்டுபிடிப்பான். அதுக்குப் பிறகு என் கையால தண்ணி கூடக் குடிக்க மாட்டான். நான் புதுசா வந்த ஆள், மகள். அவன் என்னை நம்பணும்" என்றார். தம்பி முதலில் முகத்தைச் சுளித்தான். சில சமயம் உண்மையிலேயே அடுத்த தடவை மறுத்தான். பிறகு அது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. கடித்துவிட்டுக் கண்ணை மூடி, "கரட்! லீக்ஸ்! மற்றது என்ன?" என்று அவனே கேட்கத் தொடங்கினான். அவர் சொல்வதெல்லாம் உண்மையாக இருந்ததால், சொல்கிறவரையும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இவை எதுவும் போதவில்லை. அந்த நாளில் அவன் மீன் கேட்டு அழுவான். அதற்காகச் சித்தி கண்டுபிடித்ததுதான் வாழைக்காய் மீன். சாம்பல் வாழைக்காயைத் தோல் சீவி, சரிவாகத் தடித்த துண்டுகளாக வெட்டுவார். பாரைத் துண்டு போலவே இருக்கும். நடுவில் கீறி ஈர்க்கு மாதிரி மெலிதாக நறுக்கிய கரட்டைச் செருகுவார், அதுதான் முள். மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு, தேசிக்காய்ப்புளி எல்லாம் போட்டுப் பிரட்டுகிற வேலை தம்பிக்கு. பிறகு கொஞ்சம் அரிசிமா தூவிப் பொரித்து எடுத்தால், மேசைக்கு வருவது சாட்சாத் மீன். தம்பி முள்ளை மெதுவாக உருவி எடுத்து, அதைத்தான் முதலில் தின்பான். முள்ளைத் தின்னக்கூடிய மீன் வேறு எந்த வீட்டில் கிடைக்கும்? அதன் ருசியில் பக்கத்திலிருக்கும் பருப்புக்கீரையும் போஞ்சிக்காயும் சேர்ந்து உள்ளே போயின. ஆடி மாதம் கிளினிக்குக்குப் போய் வந்த அன்று, நிறை ஏறியிருக்கிறது என்று டொக்டர் சொன்னதைச் சித்தி முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கும் இப்போது ஒரு மகள் இருக்கிறாள். அதே வெள்ளவத்தையில், அப்பாவும் சித்தியும் இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் குடியிருக்கிறோம். மகள் போஞ்சித் துண்டுகளைத் தட்டைச் சுற்றி மதில் கட்டி விளையாடுவாள், தின்னமாட்டாள். கைத்தொலைபேசியைத் திறந்தால் கரட்டில் பூவும் வெள்ளரிக்காயில் முதலையும் செய்து காட்டுகிற அம்மாமார் வரிசையாக வருகிறார்கள். அலுவலகத்தால் வந்து களைத்துப்போய் நானும் ஒரு முதலை செய்து பார்த்தேன். மகள் அதற்குப் பெயர் வைத்து, தலையணையில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டாள். இதைச் சித்தியிடம் சொல்லிச் சலித்துக்கொண்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு யோசனை வந்தது என்று கேட்டேன். "எனக்கு மரக்கறியே பிடிக்காது, மகள்" என்றார். நான் நம்பவில்லை. "உண்மையாத்தான். எங்கட வீட்டுல மீன்தானே எந்நாளும். கீரையைக் கண்டா ஓடுவன். எனக்குத் தின்ன ஏலுமான மாதிரி எதைச் செய்யலாமோ, அதைத்தான் தம்பிக்கும் செஞ்சன்." இத்தனை வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவர் அந்தப் பாகற்காயையும் முருங்கையிலையையும் ஒரு பிள்ளைக்காகத் தானும் பழகித் தின்றிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டேன்.

அந்த வருடம் பெரியம்மா சொன்னபடி ஆவணி லீவுக்கு வந்தார். யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து விடியற்காலையில் இறங்கினார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், தோளில் அவருடைய பை, கூடவே இன்னொரு சின்னப் பை, புதியது, நீல நிறம், யானைப் படம் போட்டது. தம்பியின் உடுப்புகளை வைத்து எடுத்துப்போக வாங்கியது என்று அவர் சொல்லத் தேவையில்லாமலே எங்களுக்கு விளங்கியது. தம்பி அதை முதுகில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். அன்று வெள்ளிக்கிழமை. சித்தி முதல் நாளே சட்டி பானையெல்லாம் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருந்தார். குளித்துவிட்டுத்தான் குசினிக்குள் போனார். பூசணிக்காய், போஞ்சி, பசளிக்கீரை போட்ட பருப்பு என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தார். தம்பி ஆசையாகச் சாப்பிட வேண்டுமே என்ற ஒரே எண்ணத்தில் வாழைக்காய் மீனும் பொரித்தார். பெரியம்மா அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது பழகிப்போன சாப்பாடு.

பெரியம்மா முழுகி, சாமி கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, சுவரில் அம்மாவின் படத்துக்குக் கீழே இருந்த சாப்பாட்டு மேசைக்கு வந்தார். தம்பி முதலே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியம்மாவின் கண் அவன் தட்டில் போய் நின்றது. முகம் சிவந்துவிட்டது. "உது என்ன? வெள்ளிக்கிழமையும் உமக்கு மீனோ?" என்று சித்தியைப் பார்த்துக் கேட்டார். "ஒருக்காத் தெரியாமல் செய்தீர் எண்டு விட்டன். நான் வந்து நிக்கிற நாளிலயும், என்ர தங்கச்சியின்ர படத்துக்கு முன்னால வைச்சுப் பிள்ளைக்கு மீன் குடுக்கிறீரோ? எழும்படா, கையைக் கழுவு. உடுப்பை எடு, பின்னேரம் போவம்." சித்தி கையில் பிடித்திருந்த சோற்றுக்கரண்டியைச் சட்டிக்குள் திரும்ப வைத்தார். அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "அக்கா, அது..." என்று தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பிக்கு எங்கள் யாருடைய பயமும் பிடிபடவில்லை. "உது மீன் இல்லை, பெரியம்மா. வாழைக்காய். முள்ளு கரட். நான்தான் தூள் பிரட்டினனான்" என்றான். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கதிரையிலிருந்து இறங்கிப் போய் அவர் கையில் வைத்தான். "கடிச்சுப் பாருங்கோ. சித்தி பொய் சொல்லமாட்டா." பெரியம்மா அதைப் பிட்டுப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று வாழைக்காய், நடுவில் கரட். வாயில் போட்டு மென்றார். கதிரையை இழுத்துத் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதைப் பார்க்கத் தொடங்கினார். அவன் பூசணிக்காயைத் தின்றான். போஞ்சியைத் தின்றான். "பருப்புக்குள்ள பசளி இருக்கு" என்று அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே அதையும் வழித்துத் தின்றான். பெரியம்மா அவனுடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கையைப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் தன் தட்டை இழுத்து முன்னால் வைத்து, சித்தியை நிமிர்ந்து பார்க்காமலே, "எனக்கும் ஒரு துண்டு போடும்" என்றார்.

பின்னேரம் அவர் மட்டும் புறப்பட்டார். தம்பியைக் கூட்டிப்போவதைப் பற்றி யாரும் பேசவில்லை, யானைப் பையும் வெறுமையாகவே இருந்தது. அப்பா அவருடைய பையை முச்சக்கரவண்டியில் ஏற்றினார். தம்பியும் நானும் கீழே வாசலில் நின்றோம், சித்தி மேலே நின்றார். தம்பி யானைப் பையைக் கழற்றி நீட்டினான். "அதை நேசரிக்குக் கொண்டு போ" என்றார் பெரியம்மா. அவன் உச்சியில் கொஞ்சி, முதுகில் மெதுவாகத் தட்டி, "சரி, மேல ஓடு. அம்மா பாத்துக்கொண்டு நிப்பா" என்றார். தம்பி குழம்பிப்போனான். "எந்த அம்மா? படத்தில இருக்கிறவவோ?" என்று கேட்டான். பெரியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "இல்லையடா குஞ்சு," என்றார். "உனக்குச் சோறு தீத்திற அம்மா."

வண்டி காலி வீதிக்குத் திரும்பும் வரைகூட நான் நிற்கவில்லை. தம்பியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறி ஓடினேன். சித்தி சிங்கில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க, பெரியம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். சித்தி குழாயை மூடினார். ஈரக் கையை ஹவுஸ்கோட்டில் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிரே அப்படியே குசினித் தரையில் உட்கார்ந்தார்.

"தண்ணிச் சத்தத்தில சரியாக் கேக்கல்ல, மகள்," என்றார். "இன்னொருக்காச் சொல்லுங்க."